ஆரோக்கியசாமி போட்ட கோடுகள்

சென்ற மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். பேசி முடித்துக் கோப்பி குடிக்கும்போது உங்களில் ஒருவர் வந்து கேட்டார்: "ஆன்ட்டி, பஃபர்ல அளவுக்கு மேல எழுதினா இப்பல்லாம் சிஸ்டமே கண்டுபிடிச்சு நிறுத்திடுது. நீங்க ஏன் இன்னும் இதுக்கு இவ்வளவு பயப்படுறீங்க?"

நான் அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். சொல்ல வேண்டிய பதில் கோப்பிக் குவளைக்குள் அடங்காது. அதை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது 1986இல். அப்போது உடன் வேலை பார்த்த ஒருவர் 1984 என்று சாதிப்பார். அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சிங்கப்பூரில் எங்கள் அலுவலகம் இருந்த தஞ்சோங் பகாரில் எம்ஆர்டி நிலையத்துக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பொருளாதார மந்தத்தில் எங்கள் தெருவிலேயே நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. 1984இல் மந்தமே வரவில்லை, ஆகவே நடந்தது 1986தான். ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு அந்த ஆண்டில் வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்காது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் வேலை பார்த்தது கப்பல் சரக்கைக் கிடங்கில் வைத்திருந்து உரியவரிடம் ஒப்படைக்கும் நிறுவனம் ஒன்றில். பெயர் வேண்டாம். மேல்மாடியில் கணினி அறை, கீழே கிடங்கு. கணினி அறையில் நானும் என் மேலதிகாரியும். அவர் ஒரு சீனப் பெண்மணி. எல்லாரும் மேடம் என்போம். அவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. விளம்பரம் பிடிக்காதவர், இன்றும் பிடிக்காது. மேசையில் எப்போதும் ஒரு காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை இருக்கும். யார் எதைச் சொன்னாலும் ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "ஹூ ஸே?" என்பார். யார் சொன்னது? இயந்திரம் சரியாக இருக்கிறது என்றாலும் அதே கேள்வி, மழை வரும் என்றாலும் அதே கேள்வி.

கீழே கிடங்கின் வாசலில் சரக்கை விடுவிக்கும் கவுண்டர். அங்கே இரண்டு டெர்மினல்கள். ஒன்றில் லில்லி, மற்றதில் ஐம்பதைத் தாண்டிய ஆரோக்கியசாமி. லாரி ஓட்டுநர் வந்து சரக்கு எண்ணைச் சொல்வார். இவர்கள் அதைத் திரையில் அடித்து, லாரி எண்ணை அடித்து, குறிப்பு என்ற இடத்தில் ஏதாவது குறிக்க வேண்டியிருந்தால் அடிப்பார்கள். அச்சுப்பொறி விடுவிப்புச் சீட்டைத் துப்பும். சீட்டைக் காட்டினால் கிடங்குக்காரர்கள் சரக்கை ஏற்றுவார்கள்.

சில சரக்குகளுக்குத் தடை இருக்கும். அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் தகராறு, அல்லது ஆவணம் சரியில்லை. அவற்றை விடக் கூடாது. ஆனால் எந்தச் சரக்குக்குத் தடை என்பது கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இது எங்கள் செயல்பாட்டு மேலாளர் கதிரேசனின் ஏற்பாடு. அவர் மரியாதையாகப் பேசுவார், யாரையும் நம்ப மாட்டார். தடை இருப்பது முன்னாலேயே திரையில் தெரிந்தால் கவுண்டர் ஆட்கள் ஓட்டுநருக்குக் கண் காட்டிவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். ஆகவே எல்லாவற்றையும் அடித்து முடித்த பிறகுதான் நிரல் தடையைப் பார்க்க வேண்டும். தடை என்றால் மறுக்க வேண்டும். யார் வந்து கேட்டார் என்பதும் பதிவாகியிருக்க வேண்டும். அந்த நிரலை அவர் சொன்னபடியே மேடம் எழுதினார். சி மொழியில், அந்த ஆண்டு சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு அது ஓடத் தொடங்கியது.

அடுத்த சில மாதங்களில் தடை போட்ட இரண்டு சரக்குகள் கிடங்கை விட்டுப் போய்விட்டன. இரண்டும் உட்லண்ட்ஸ் பாலம் வழியாக மலேசியாவின் ஜொகூருக்குள் போய்விட்டன. பாலத்தைத் தாண்டிய சரக்கைத் திரும்பப் பிடிக்க முடியாது. இரண்டு சீட்டிலும் விடுவித்தவர் பெயர் ஆரோக்கியசாமி.

கதிரேசன் என்னைக் கவுண்டருக்கு அழைத்தார். தடை போட்ட ஒரு சரக்கின் எண்ணைக் கொடுத்து, "மிஸ் பத்மா, அடிங்க" என்றார். அடித்தேன். லாரி எண் என்று எதையோ போட்டேன். குறிப்பில் 'சரி' என்று மட்டும் அடித்தேன். நிரல் மறுத்தது. அவரே உட்கார்ந்து இரண்டு தடவை அடித்தார். இரண்டு தடவையும் மறுத்தது.

"அப்ப புரோகிராம் சரி" என்றார்.

"சரியாத்தான் இருக்கு சார்."

"லில்லி டெர்மினல்ல ஒரு தடவைகூட இப்படி நடக்கல. அப்ப ஆள்தான் தப்பு." குரலைத் தாழ்த்தினார். "எந்தச் சரக்குக்குத் தடைன்னு அவருக்குத் தெரியாது. தடையை எப்படித் தாண்டுறதுன்னும் தெரியாது. மேல இருந்து யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

மேலே இருப்பது இரண்டு பேர். அவர் கண் என் முகத்தை விட்டு அகலவில்லை. "நீங்களும் ஆரோக்கியசாமியும் ஃபேரர் பார்க்தானே?" என்றார்.

நான் ஃபேரர் பார்க்கில் குடியிருந்தேன். ஆரோக்கியசாமி இரண்டு புளோக் தள்ளி. ஒரே பேருந்தில் வருவோம். அதுவரை அது ஒரு விவரமே இல்லை.

ஆரோக்கியசாமியோடு பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது. மாலையில் வாசலில் காவலர் அவருடைய பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று இன்னோர் உத்தரவு. வேறு யார் பையையும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை போலீசில் புகார் கொடுப்பதாகக் கதிரேசன் மேடத்திடம் சொல்லியிருந்தார்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் சந்தேகம் வந்தது. ஆரோக்கியசாமி எளிதில் பிடித்துப்போகும் மனிதர் அல்ல. கழிப்பறைக்குப் போனாலும் மேசை இழுப்பறையைப் பூட்டிவிட்டுப் போவார். தன் பேனாவை யாருக்கும் தர மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடகர் குழுவில் நிற்பவர், ஆனால் காணிக்கைத் தட்டை யார் எடுத்துப் போகிறார் என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவர் மனைவியே கேலி செய்வார். அப்படிப்பட்டவர் ஜொகூர் லாரி ஓட்டுநர்களோடு மட்டும் தினமும் சாயா குடித்தார். ஏன்? பேருந்தில் அவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இதையெல்லாம் யோசித்தேன். சந்தேகம் வந்துவிட்டால் ஒருவர் சாயா குடிப்பதுகூடச் சாட்சியாகிவிடுகிறது.

அடுத்து நான் மேடத்தையும் சந்தேகித்தேன். நிரல் அவருடையது. அதை மீறத் தெரிந்தவர் என்று ஒருவர் இருந்தால் அது அவர்தான். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கடலையை எடுத்துக்கொண்டே, "நானா என்று யோசிக்கிறாய். நல்லது. யோசி லா" என்றார். அவர் பேசுவது ஆங்கிலம். 'லா' மட்டும் எல்லா மொழிக்கும் பொது.

புதன்கிழமை காலை ஆரோக்கியசாமியின் டெர்மினலில் நிரல் விழுந்தது. குறிப்பை அடித்து முடித்து என்டர் விசையைத் தட்டியதும் எல்லாம் நின்று, திரையில் ஒரே ஒரு பிழைச் செய்தி. கதிரேசன் மாடிப்படி ஏறி வந்தார். "பாத்தீங்களா? தடயத்தை அழிக்கிறார்" என்றார்.

விழும்போது இயந்திரம் தன் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பில் கொட்டிவிட்டு விழும். மேடம் அதைத் திறந்து பார்த்தார். நிரல் கடைசியாக எங்கே போக முயன்றது என்று தேடினார். இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்ததை ஒரு கிடங்கில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் கிடங்கில் ஒரு நீண்ட பகுதி உண்டு. அதன் பின்சுவரிலிருந்து தொடங்கி வாசலை நோக்கிச் சரக்கை அடுக்கிக்கொண்டே வருவார்கள். முதலில் வந்தது சுவரோரம், கடைசியில் வந்தது வாசலோரம். ஸ்டாக் என்று நாம் சொல்லும் நினைவகமும் அப்படித்தான். ஃபங்ஷன் எனப்படும் ஒரு செயல்கூற்றை அழைத்தால், வேலை முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரி முதலில் வைக்கப்படும். அதற்கு முன்னால், வாசல் பக்கமாக, அந்தச் செயல்கூற்றின் சொந்தச் சாமான்கள். மேடத்தின் நிரலில் அவற்றில் முதலில் வைக்கப்பட்டது தடையைச் சொல்லும் ஒற்றை எழுத்து. சரக்கு எண்ணை அடித்ததுமே அது அங்கே வந்துவிடும், நிரல் அதைப் பார்ப்பது மட்டும் கடைசியில். அதற்கும் முன்னால், வாசலை ஒட்டி, குறிப்பை வைக்க நாற்பது எழுத்துக்கு இடம். பஃபர் என்பது இதுதான்.

அடுக்குவது சுவரிலிருந்து வாசலுக்கு. ஆனால் எழுத்துகள் அந்த நாற்பது இடத்தில் நிரம்புவது வாசலிலிருந்து சுவரை நோக்கி. ஃபோர்க்லிஃப்ட் வாசல் வழியே ஒரு நீளமான பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்றால் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். அவர் நிறுத்தாமல் தள்ளினால், முதலில் வந்து சுவரோரம் நிம்மதியாக இருந்தவை நசுங்கும்.

நிரல் போக முயன்ற முகவரியை மேடம் எனக்குக் காட்டினார். பதினாறடிமான எண்ணில் 2d, 2d, 2d, 2d.

"இப்படி ஒரு இடம் இயந்திரத்தில் இல்லை" என்றேன்.

"இது முகவரியே இல்லை. யாரோ எழுதியது" என்றார்.

2d என்பது விசைப்பலகையில் உள்ள சிறு கோடு. ஹைஃபன். திரும்பும் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு கோடுகள் இருந்தன.

மேடம் கடலைக் கூம்பைத் தள்ளி வைத்தார். "நான் கீழே போனால் அவர் ஒழுங்காக அடிப்பார். நீ போ."

"பேசக் கூடாதுன்னு உத்தரவு இருக்கே."

"பேசாதே. பார்."

கடைசியில் அதையும் மீறினேன். ஏதோ கம்பி சரிபார்ப்பதுபோல ஆரோக்கியசாமி மேசைக்குப் பின்னால் நின்றேன். ஒரு ஓட்டுநர் சரக்கு எண் கொடுத்தார். ஆரோக்கியசாமி எண்ணை அடித்தார், லாரி எண்ணை அடித்தார். குறிப்பில் 'ஒரு பெட்டி நசுங்கல்' என்ற பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் வலது கைச் சுண்டுவிரலைக் கோட்டு விசையின் மேல் வைத்து அழுத்தினார். விடவில்லை. திரையில் கோடுகள் வரிசையாக ஓடின. ஓடி ஓடித் திரையின் வலது விளிம்பைத் தொட்டதும் விரலை எடுத்தார். என்டர் விசையைத் தட்டினார். அச்சுப்பொறி சீட்டைத் துப்பியது. குறிப்புக்குப் பின்னால் காகிதத்தின் ஓரம் வரை கோடு.

அந்தக் கோடுகளை நான் எத்தனையோ சீட்டில் பார்த்திருக்கிறேன். எல்லாரும் பார்த்திருக்கிறோம். கிடங்குக்காரர்கள் 'ஆரோக்கியம் வேலி' என்று கேலி செய்வார்கள். தினமும் கண்ணில் படும் ஒன்றை யாரும் பார்ப்பதில்லை.

"அண்ணே, இந்தக் கோடு எதுக்கு?"

அவர் திரும்பவில்லை. "உங்கிட்ட பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தங்கச்சி."

"எனக்கும் அதே உத்தரவுதான்."

"அப்ப சரி, ரெண்டு பேரும் சேந்தே மாட்டுவோம்." சீட்டைக் கிழித்து ஓட்டுநரிடம் கொடுத்தார். "முந்தி ஒரு கம்பெனில இருந்தேன். டெலிவரி ஆர்டர்ல சரக்கு பேரை டைப் பண்ணிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் காலி இடம். எவனோ அதுல இன்னொரு சரக்கு பேரை டைப் பண்ணிட்டான். கையெழுத்து என்னோடது. மூணு மாசம் வீட்ல உக்கார வச்சாங்க. அன்னைலேர்ந்து காலி இடம் விடுறதில்ல. செக்கு எழுதுறப்ப நீ கோடு இழுக்கிறியா இல்லையா? அதே கதைதான்."

"டைப்ரைட்டர்லயும் இப்படித்தான் போடுவீங்களா?"

"ஓரம் வரைக்கும். மணி அடிக்கும், நிறுத்திடுவேன். உங்க கம்ப்யூட்டர்ல மணியும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணாலதான் பாத்து நிறுத்துறேன்."

"லில்லி போடுறதில்லையா?"

பக்கத்து மேசையிலிருந்து லில்லி, "எனக்கு வேற வேலை இருக்கு" என்றாள்.

நான் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. "இன்னைக்குக் காலைல மெஷின் நின்னுச்சே, அப்ப என்ன அண்ணே செஞ்சீங்க?"

அவர் குரல் மாறியது. "என் பையைப் பிரிச்சுப் பாக்குறாங்க தங்கச்சி. தெரியுமில்ல? சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து மோந்து பாக்குறான். எவனோ என் பேர்ல வேலை செய்றான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் இன்னைக்கு ஓரத்தோட நிறுத்தல. அடுத்த வரிலயும் பாதி தூரம் போட்டேன். இனிமே ஒரு எழுத்துகூட எவனும் சேக்க முடியாது."

நான் மாடிப்படிகளில் ஓடி ஏறினேன். தடையை மீறிச் சரக்கு போனதற்கும் காலையில் நிரல் விழுந்ததற்கும் காரணம் ஒன்றேதான்.

திரையின் விளிம்பு வரை கோடு போட்டால் நாற்பதை ஓரிரண்டு எழுத்து தாண்டிவிடும். தாண்டிய கோடுகள் அடுத்திருக்கும் தடை எழுத்தின் மேல் விழும். அங்கே தடை என்று இருந்தால் அது போய் ஒரு கோடு உட்கார்ந்துவிடும். பிறகு நிரல் கேட்கிறது: தடையா? கோடுதான் இருக்கிறது, தடை இல்லை. ஆகவே விடு. பெரும்பாலான சரக்குக்குத் தடையே கிடையாது என்பதால் எழுத்து அழிந்ததும் அழியாததும் யாருக்கும் தெரியவில்லை. தடை உள்ள இரண்டு சரக்கு அவரிடம் வந்தபோது மட்டும் தெரிந்தது. அன்று காலை பயத்தில் இன்னும் நீளமாகப் போட்டார். கோடுகள் தடை எழுத்தையும் தாண்டிச் சுவரோரம் இருந்த திரும்பும் முகவரி வரை போய்விட்டன. நிரல் வேலையை முடித்து, திரும்பிப் போக வழி பார்த்து, கோட்டைப் படித்து, விழுந்தது. நாங்கள் அவரைச் சந்தேகித்தோம், அதனால் அவர் வேலியை நீட்டினார், அதனால்தான் காரணம் வெளியே வந்தது. பையைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை வரை எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு நிம்மதி இல்லை.

மேடத்தின் முன்னால் போய் நின்றேன். குறிப்பை வாங்கும் வரி கெட்ஸ் என்ற ஆயத்தக் கட்டளை. உங்களுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்று முதல் வாரத்தில் சொல்லியிருப்பார்கள். விசைப்பலகையிலிருந்து வருவதை வரி முடியும் வரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். இடம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, கேட்கவும் கேட்காது. அக்காலத்தில் எல்லாரும் அதைத்தான் எழுதினோம்.

கேட்பதற்குத் தயக்கமாக இருந்தது. கேட்டேன். "மேடம், நாற்பதோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று யார் சொன்னது?"

அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "நான்" என்றார். "நானேதான் சொன்னேன்."

நான் உடனே திருத்தப் போனேன். ஒரு வரி மாற்றம், ஐந்து நிமிட வேலை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தொடாதே. திருத்திவிட்டால் அவர் குற்றமற்றவர் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி போய்விடும். பிறகு கதிரேசனிடம் எதைக் காட்டுவாய்? நீயும் நானும் சொல்வதையா?"

உங்களிடம் நான் சொல்ல நினைத்ததில் பெரும்பகுதி இதுதான். பிழையைக் கண்டதும் கை திருத்தத்தான் போகும். நம் தொழில் கையை அப்படிப் பழக்கியிருக்கிறது. அந்தப் பிழைக்காக ஒருவர் மேல் பழி விழுந்திருந்தால் முதலில் பிழையை எல்லார் கண்ணிலும் காட்டுங்கள். அதுவரை காவல் காத்திருங்கள். அன்று மதியம் வரை, தடை போட்ட எந்தச் சரக்கும் வெளியே போகாதபடி லில்லியைக் கொண்டே எல்லாச் சீட்டும் அடிக்க வைத்தோம்.

மதியம் கதிரேசன் கவுண்டருக்கு வந்தார். மேடம் சுற்றி வளைக்கவில்லை. "பிழை என் நிரலில் இருக்கிறது. அவர் கோடு போடுகிறார், என் நிரல் தடையை மறந்துவிடுகிறது" என்றார். நான் தடை போட்ட ஒரு சரக்கை எடுத்து, விளிம்பு வரை கோடு போட்டுக் காட்டினேன். சீட்டு வந்தது.

கதிரேசன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழில் என்னிடம் சொன்னார்: "முந்தி நான் கேட்டப்ப சரியா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. இப்ப இப்படி வருது. நடுவுல நீங்க ரெண்டு பேரும் ஏதாவது செட் பண்ணி வச்சிருக்கலாம் இல்லையா?"

ஆரோக்கியசாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நியாயமான கேள்வி" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. தன் தலை போகும் நேரத்தில் எதிராளியின் சந்தேகத்தை மெச்சுகிறாரே என்று.

நான் கதிரேசன் சொன்னதை மொழிபெயர்த்ததும் மேடமும் தலையசைத்தார். "நல்லது. நம்ப வேண்டாம். நீங்களே உட்காருங்கள். தடையை நீங்களே போடுங்கள், உங்கள் கடவுச்சொல்லில், உங்களுக்குப் பிடித்த சரக்குக்கு. எந்தச் சரக்கு என்று எங்களிடம் சொல்லாதீர்கள்."

கதிரேசன் உட்கார்ந்தார். எங்களைத் திரையைப் பார்க்காதபடி தள்ளி நிற்கச் சொன்னார். தடை போட்டார். முதலில் குறிப்பு இல்லாமல் அடித்தார், மறுத்தது. மறுபடி அடித்தார். இந்த முறை ஆரோக்கியசாமி செய்வதுபோல விரலைக் கோட்டு விசையில் வைத்து அழுத்தினார். விளிம்பு வந்ததும் எடுத்தார். தட்டினார்.

அச்சுப்பொறி ஓடியது. கதிரேசன் கொஞ்சநேரம் முன்பு தானே தடைபோட்ட சரக்கு. விடுவித்தவர்: கதிரேசன்.

லில்லி இருமலுக்குள் எதையோ மறைத்தாள். ஆரோக்கியசாமி எட்டிப் பார்த்து, "கோடு நேரா வந்திருக்கு சார்" என்றார்.

அன்று பிற்பகலே திருத்தினோம். நாற்பதாவது எழுத்தோடு வாங்குவதை நிறுத்தி, அதற்கு மேல் அடித்தால் டெர்மினல் மணி அடிக்கும்படி செய்தோம். மணி கேட்டதும் ஆரோக்கியசாமி விரலை எடுத்தார். டைப்ரைட்டர் திரும்பி வந்ததுபோல அவர் முகம் தெளிந்தது. மேடம் இன்னொரு மாற்றமும் செய்தார். 'தடை என்றால் மறு, இல்லையென்றால் விடு' என்று இருந்ததை, 'அனுமதி என்று தெளிவாக இருந்தால் மட்டும் விடு, வேறு எது இருந்தாலும் மறு' என்று புரட்டினார். கதிரேசன் யாரையும் நம்பாதவர், ஆரோக்கியசாமி அவரைவிட நம்பாதவர், மேடம் தன்னையே கேள்வி கேட்பவர். இத்தனை பேருக்கு நடுவில் அந்த ஒரு வரி மட்டும் வருவதையெல்லாம் நம்பிக்கொண்டு இருந்திருக்கிறது.

கோப்பி நேரத்தில் கேட்டவருக்கு: இப்போது நினைவகத்தில் திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு காவல் எண்ணை வைக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். அது மாறியிருந்தால் நிரல் நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் தடை எழுத்து அந்தக் காவலுக்கு வாசல் பக்கமாக இருந்திருந்தால், காவல் எண் அசையாமல் நின்றிருக்கும், சரக்கு பாலத்தைத் தாண்டியிருக்கும். ஆரோக்கியசாமி போட்டது வெறும் கோடு என்பதையும் யோசியுங்கள். அதே இடத்தில் வேண்டுமென்றே ஒரு முகவரியை எழுதத் தெரிந்தவர் உட்கார்ந்திருந்தால் நிரல் விழுந்திருக்காது. அவர் சொன்ன இடத்துக்குப் போய் அவர் சொன்னதைச் செய்திருக்கும். இரண்டே ஆண்டில், 1988இல், இதே கெட்ஸ் ஓட்டை வழியாகக் கணினிகளில் பரவிய ஒரு புழு நிரலில் உலகம் அதையும் பார்த்தது.

மாலை வேலை முடிந்து எல்லாரும் வாசலுக்கு வந்தோம். சரக்குக்குப் போட்ட தடையை எடுக்க நிரலில் ஒரு கட்டளை இருந்தது. மனிதருக்குப் போட்டதை எடுக்க யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. காவலருக்கு ஒருவரும் தகவல் சொல்லவில்லை. வழக்கம்போல அவர் ஆரோக்கியசாமியை நிறுத்தி, பையைத் திறக்கும்படி கை காட்டினார்.

பின்னால் வந்த கதிரேசன், "வேணாம், விடுங்க" என்றார்.

ஆரோக்கியசாமி நகரவில்லை. பையைத் திறந்தார். சாப்பாட்டுத் தூக்கு, குடை, மடித்த செய்தித்தாள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் காட்டிவிட்டு உள்ளே வைத்தார். "அவர் வேலைய அவர் பாக்கட்டும் சார். என்னோடது முடிஞ்சுது. அடுத்தது நீங்க."

காவலர் கதிரேசனைப் பார்த்தார். கதிரேசன் என்னைப் பார்த்தார். நான் சாலையில் தோண்டிப் போட்ட மண்ணைப் பார்த்தேன். கதிரேசன் தன் தோல்பெட்டியைத் திண்டின் மேல் வைத்துத் திறந்தார்.

மேலாக இருந்தது ஒரே ஒரு தாள். போலீசுக்குக் கொடுக்கத் தட்டச்சு செய்து வைத்திருந்த புகார். ஆரோக்கியசாமியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை. காவலர் அதை எடுத்து, அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

ஆரோக்கியசாமி தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தத் தாளை நிதானமாகப் படித்தார். முதலிலிருந்து கடைசி வரை. கதிரேசன் பெட்டியை மூடவில்லை, மூடியிருக்கலாம், மூடவில்லை.

"கடைசிப் பத்திக்குக் கீழ நிறைய இடம் விட்டிருக்கீங்களே சார்" என்றார் ஆரோக்கியசாமி. "கோடு போட்டு அடைச்சிடுங்க. வேற யார் பேரையாவது சேத்துடப் போறாங்க."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, "வா தங்கச்சி, பஸ் போயிடும்" என்றார்.